வெள்ளையில் எத்தனை வெள்ளை

இக்கா வீட்டுக்கு மீன் பார்க்கப் போனால் முதலில் விளக்கை அணைத்துவிடுவார். தொட்டி விளக்கு, டியூப் லைட், படிக்கட்டுக்கு மேல் எரியும் பல்பு, ஒன்றும் மிச்சமிருக்காது. மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்பக்கம், சுக்கு வாசனை சுண்ணாம்புச் சுவரிலேயே ஊறிப்போன பழைய வீடு; அதன் மாடியில் ஒரு நீள அறை. இருட்டில் ஏர் பம்பின் முனகல் மட்டும் கேட்கும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தொட்டிக்கு ஐந்தடி தள்ளிப் போட்டு என்னை உட்காரச் சொல்வார். பத்து நிமிடம் வாய் திறக்கக்கூடாது. அசையவும் கூடாது. ஆளைக் கண்டு மிரண்ட மீன் தன் சுகவீனத்தை ஒளித்துக்கொள்ளும். கடலில் நோஞ்சானாகத் தெரிகிறதைத்தான் பெரிய மீன் முதலில் கவ்வும். அந்தப் பயம் கண்ணாடித் தொட்டிக்குள் வந்தும் விடவில்லை. நம்மை மறந்து அது தன்பாட்டுக்கு நீந்தத் தொடங்கிய பிறகுதான் பரிசோதனை.

பிறகு டார்ச். நேராக அடிக்கமாட்டார். பக்கவாட்டிலிருந்து, வெளிச்சம் மீனின் உடம்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி சாய்த்துப் பிடிப்பார். பட்டுப்புடவை எடுக்கிறவர்கள் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்களே, அதே சாய்வு.

“ஆத்யம் நோக்கணும் அண்ணாச்சி. கை பின்னே மதி.” இது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். பார்ப்பது முதலில்; கையை வைப்பது அப்புறம் போதும். நான் நாகர்கோவில்காரன், வேலைக்கு வந்து இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டவன். கதகளிக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிற ரசிகர்கள் கொச்சியில் நிறைய உண்டு. நான் இக்கா உப்புத் தண்ணீர் மீனுக்கு வைத்தியம் பார்ப்பதற்கு ரசிகன். கூட்டமில்லாத கலை என்பதால் முன்வரிசை இடம் எப்போதும் கிடைக்கும்.

இந்த வைத்தியத்தில் மருந்து என்று எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். செம்பு, ஃபார்மலின், பிராசிகுவான்டெல், குளோரோகுயின், ஒன்றிரண்டு ஆன்டிபயாடிக். அப்புறம் நல்ல தண்ணீர், உப்பைக் குறைத்த தண்ணீர். சிங்கப்பூர்காரரும் சிகாகோகாரரும் கையில் வைத்திருப்பது ஏறக்குறைய இதே பெட்டிதான். ஏழு ஸ்வரம் எல்லாருக்கும் பொது என்பது மாதிரி. யார் எதை எப்போது தொடுகிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்பதில்தான் ஆள் தெரியும்.

போன ஜூனில் நான் பார்த்த நோயாளி ஒரு பவுடர் ப்ளூ டாங். யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து மூடி போட்ட வாளியில் வந்தது. இந்தியப் பெருங்கடலுக்கே உரிய அழகன். இளநீல உடம்பு, கறுப்பு முகம், தாடைக்குக் கீழே வெள்ளைப் பட்டை, முதுகில் எலுமிச்சை மஞ்சள் துடுப்பு. வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மடக்குக் கத்தி போல ஒரு முள். அதை வைத்துத்தான் இந்தக் குடும்பத்து மீன்களுக்கு ஆங்கிலத்தில் அறுவை மருத்துவர் என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தொட்டிக்கு வருகிற கடல் மீன்களில் அடிக்கடி படுத்துக்கொள்கிறவர் இந்த டாக்டர்தான். வெள்ளைப்புள்ளி மற்ற மீனுக்கு வருமோ வராதோ, பவுடர் ப்ளூவுக்கு வந்துவிடும்.

இக்கா இளவயதில் லட்சத்தீவுக் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பல் கவரத்தியில் நிற்கிற நேரத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளத்திட்டில் இறங்கிவிடுவாராம். பவுடர் ப்ளூ கூட்டமாக வந்து பாறைப் பாசியை மேய்ந்துவிட்டுப் போவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறார். அதுதான் அவருடைய மூலதனம் என்று எனக்குத் தோன்றும். தொட்டியில் மட்டும் மீன் பார்த்தவனுக்கு ஓரளவு வாடின மீன்தான் இயல்பான மீன். நடுமுதுகு எவ்வளவு சதைப்பிடிப்பாக இருக்கவேண்டும், துடுப்பு எவ்வளவு விரிந்திருக்கவேண்டும், கண் எவ்வளவு சுறுசுறுப்பாகச் சுழலவேண்டும் என்று அவருக்குள் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் வாளியைத் திறக்கிறார்.

முதல் கணக்கு மூச்சு. கையில் கடிகாரத்தோடு செவுள் மூடி திறந்து மூடுவதை எண்ணுவார். மீனுக்கு மீன் இயல்பு மாறும். நிதானமாக இருக்கும் டாங் நிமிடத்துக்கு 70, 80 என்று போனால் அவர் கவலைப்படமாட்டார். அன்று 130 வந்தது. இரண்டு செவுளும் அடிக்கிறதா, ஒன்று மூடியே இருக்கிறதா என்று அடுத்து பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் மூச்சு விடுகிற மீனுக்குச் செவுளுக்குள் தட்டைப்புழு இருக்கலாம். உப்புத் தண்ணீர் ஏற்கனவே கஞ்சன். 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்திருக்கும் என்றால் கடல்நீர் 6 சொச்சம்தான் பிடிக்கும். அதனால் கடல் மீனுக்குச் செவுளில் சிறு கோளாறு என்றாலும் உடம்பு முழுவதும் அதைச் சொல்லிவிடும். பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தைக் கொடுத்துக்கொண்டு ஒரு மீன் நின்றால் புதியவர் “நல்லா விளையாடுது” என்பார். இக்காவுக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கும். வெளிச்சத்துக்கு ஒதுங்கி, ஓட்டத்தில் முகம் வைத்து நிற்பது மூச்சுக்கு அலைகிற மீன்.

அப்புறம்தான் வெள்ளை.

புதிதாகத் தொட்டி வைத்தவருக்கு மீன் உடம்பில் வெள்ளை என்றால் எல்லாம் ஒரே வியாதி. இக்கா அதை உப்பு, மாவு, பாலாடை என்று மூன்றாகப் பிரிப்பார். தூள் உப்பைத் தூவினது போல எண்ணக்கூடிய மணிகளாக, துடுப்பிலும் விலாவிலும் இருந்தால் அது கிரிப்டோகேரியன் இரிட்டான்ஸ், கடல் வெள்ளைப்புள்ளி. 1951-ல் பிரவுன் என்ற ஆய்வாளர் வைத்த பெயர் இது. மறைந்த உட்கரு என்று முதல் பாதிக்கு அர்த்தம். எரிச்சலூட்டுவது என்பது மறுபாதி. அந்த எரிச்சல் நிஜம். மீன் பாறையில் போய் விலாவைத் தேய்த்துவிட்டு மின்னலாகத் திரும்பும். எண்ண முடியாதபடி, அரிசி மாவைச் சல்லடையில் சலித்துவிட்ட மாதிரி, சாய்த்த டார்ச்சில் மட்டும் லேசான பொன் கலந்த சாம்பலாக மினுங்கினால் அது அமைலூடினியம். வெல்வெட் என்று தொட்டிக்காரர்கள் சொல்வது. அது தோலில் தெரிவதற்கு முன்பே செவுளைத் தின்னத் தொடங்கியிருக்கும். இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி பண்ணிவிடும். மூன்றாவது புள்ளியும் இல்லை, பொடியும் இல்லை. ஆறின பாலில் ஆடை கட்டுவதுபோல் உடம்பின் வழவழப்பு திரண்டு, திட்டுத் திட்டாக உரிந்து தொங்கும். கடலில் பிடித்து வந்த கோமாளி மீன்களிடம் அதிகம் பார்க்கலாம். புரூக்ளினெல்லா என்று அதற்குப் பெயர்.

இவ்வளவு நுணுக்கிப் பிரிப்பானேன் என்று கேட்கலாம். தண்ணீரின் உப்பைக் குறைத்தால் முதலாவது சாகும். இரண்டாவது அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, கழிமுக நீரிலும் வாழக்கூடியது அது. செம்பு போட்டால் முதல் இரண்டும் அடங்கும். மூன்றாவதுக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு ஃபார்மலின் வேண்டும். ஃபார்மலின் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைக் குறைக்கும் என்பதால் மூச்சுத் திணறுகிற மீனுக்குக் காற்றுக் கல்லை முழு வேகத்தில் விடாமல் அதைத் தொடக்கூடாது. உப்பை மாவு என்று நினைத்தவர் ஓரளவு தப்பிப்பார். மாவை உப்பு என்று நினைத்தவரின் மீன் திங்கட்கிழமையைப் பார்க்காது.

டார்ச்சுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் மைக்ராஸ்கோப். பள்ளிக்கூடத்து ஆய்வகம் ஒன்று கழித்துக் கட்டியதை வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் அதற்கு மீனைக் கையில் எடுக்கவேண்டும். துள்ளுகிற மீனிடம் வழவழப்பைச் சுரண்டினால் காயம்தான் மிஞ்சும். இங்கேதான் மட்டாஞ்சேரி உள்ளே வருகிறது. ஜூ டவுன் வரை நடந்தால் கிராம்பு எண்ணெய் வாங்கலாம். மிளகும் ஏலமும் கிராம்பும் விற்று வளர்ந்த தெரு அது. மிளகு வர்த்தகர் சங்கம் இன்னும் அங்கேதான். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் பல்வலிக்கு ஈறை மரக்கவைக்கிறது. அதே சரக்கு மீனையும் மயக்கும். தண்ணீரில் எண்ணெய் கலக்காது என்பதால் ஒரு சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு போட்டு வெள்ளை வெளேரென்று ஆகும்வரை குலுக்குவார். பிறகு வாளிக்குள் சொட்டுச் சொட்டாக, மீனைப் பார்த்துக்கொண்டே. முதலில் நீச்சல் தள்ளாடும். பிறகு பக்கவாட்டில் சாயும். செவுள் மட்டும் நிதானமாக அசையும். அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். செவுளும் நின்றால் கதை முடிந்தது.

ஈரக் கையில் மீன் கிடந்தது அரை நிமிடம்கூட இருக்காது. கவர்ஸ்லிப்பின் விளிம்பால் விலாவில் செதில் போக்கிலேயே ஒரு இழுப்பு. மீன் நல்ல தண்ணீருக்குப் போய்விட்டது. அதைக் கையில் ஏந்தி செவுளுக்குள் நீர் போகும்படி முன்னால் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு. கறுப்பு உருண்டை ஒன்று, ராட்சதன் மாதிரி, அவசரமே இல்லாமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. தேர் திரும்புகிற வேகம். வெல்வெட்டாக இருந்தால் பழுப்பாக, பேரிக்காய் வடிவில், அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். புரூக்ளினெல்லா என்றால் அவரை விதை போல, வழுக்கிக்கொண்டு போகும். தட்டைப்புழு அட்டை மாதிரி நெளியும். ஒவ்வொன்றுக்கும் நடை உண்டு. வடிவம் மறந்துபோனாலும் நடை மறக்காது. “கறங்குந்நுண்டோ?” என்று வாளியிலிருந்து தலை தூக்காமல் கேட்டார். சுற்றுகிறதா. சுற்றுகிறது என்றேன். அப்போதுதான் அவர் மூச்சு விட்டார். வெள்ளைப்புள்ளி. கெட்டதில் நல்லது.

இந்த ஒட்டுண்ணியின் காலக்கணக்குதான் இந்தக் கலையின் மையம் என்பது என் கட்சி. தோலின் மேல்படலத்துக்கு அடியில் புகுந்து, அங்கேயே தின்று கொழுத்து, மூன்றிலிருந்து ஏழு நாள் இருக்கும். நமக்குத் தெரிகிற வெள்ளை மணி அதுதான். மேலே தோல் மூடியிருப்பதால் எந்த மருந்தும் அங்கே எட்டாது. தின்று முடித்ததும் மீனை விட்டு இறங்கும், பெரும்பாலும் இருட்டில். மணலிலோ பாறையிலோ ஒட்டி, ஓடு கட்டிக்கொண்டு, உள்ளே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில் பெருகும். மூன்று நாளில் ஓடு உடையலாம். ஒரு வாரம் ஆகலாம். அபூர்வமாகச் சில 72 நாள்கூடக் காத்திருந்ததாகப் பதிவு உண்டு. உடைந்து வருகிற குஞ்சுகளும் விடிவதற்கு முந்தின இருட்டில்தான் வரும். மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் உறங்குகிற நேரம். ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துப்போகும். மருந்து பலிப்பது இந்த நீந்துகிற பருவத்தில் மட்டும்.

ஆக, ஐந்தாம் நாள் காலையில் மீன் உடம்பு பளிச்சென்று சுத்தமாக இருந்தால் அது குணமில்லை. சோறு தின்று முடித்துப் பந்தியிலிருந்து எழுந்து போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த பந்திக்குக் கூட்டமாக வருவார்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஆசைப்பட்டு ஒரு சின்னக் கடல்தொட்டி வைத்தேன். ஒரு ஜோடி கோமாளி, இரண்டு டாம்சல், கொஞ்சம் பாறை, நத்தைகள், ஒரு துறவி நண்டு. மூன்றாம் வாரம் உப்பு மணிகள் வந்தன. வாங்கின கடையில் போய்ச் சொன்னதும் கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அலமாரியிலிருந்து ஒரு நீலக் குப்பியை எடுத்து வைத்தார். எல்லா வியாதிக்கும் கேட்கும், தொட்டியிலேயே ஊற்றலாம், நண்டுக்கும் ஒன்றும் ஆகாது. ஊற்றினேன். நான்காம் நாள் புள்ளி மறைந்தது. வீட்டில் பாயசம் வைக்காத குறை. பன்னிரண்டாம் நாள் எழுந்து பார்த்தால் நான்கு மீன்களும் ரவையில் புரட்டினது போல் இருந்தன. ஒரே வாரத்தில் கதை முடிந்தது. குப்பித் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. புள்ளி தானாக வந்து தானாகப் போயிருந்தது. நண்டு மட்டும் கடைக்காரர் வாக்குப்படி சௌக்கியமாக இருந்தது. நண்டுக்கு ஒன்றும் செய்யாத மருந்து ஒட்டுண்ணிக்கும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்று இக்கா பிறகு சொன்னார். அன்றிலிருந்து ஆடுகிறவனாக இருப்பதை விட்டுவிட்டுப் பார்க்கிறவனாகிவிட்டேன்.

நண்டையும் நத்தையையும் கொல்கிற மருந்து செம்பு. நம் ஊரில் செப்புக் குடத்துத் தண்ணீரைப் புண்ணியம் போலக் குடிக்கிறோம். நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்று நீலக் கல்லாகக் கிடைப்பதும் செம்பின் உப்புதான். அந்தக் காலத்துத் தொட்டிக்காரர்கள் அதைக் கரைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். கரைந்த செம்பு லிட்டருக்கு 0.15 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஒட்டுண்ணி பிழைக்கும். 0.20-ஐத் தாண்டிப் போகப்போக மீன் சாகும். அந்த இடைவெளியில் ஒரு மாதம் கயிற்றில் நடக்கவேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 80 மில்லிகிராம்கூட வராது. ஒரு சிட்டிகையில் கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வேறு பொருளோடு பிணைத்துக் குப்பியில் விற்கிற செம்புக்கு அளவு ஏறக்குறைய பத்து மடங்கு. இதன் எண்ணை அதற்குப் போட்டு மீனைக் கொன்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இக்கா மயில்துத்தம் தொடமாட்டார். கடைச் சரக்கில் வேறென்ன கலந்திருக்கிறதோ என்ற பயம். குப்பி மருந்தும் டெஸ்ட் கிட்டும் வைத்துக்கொண்டு காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை நிறம் பார்ப்பார். வைத்தியத் தொட்டியில் மணல் இருக்காது, பாறை இருக்காது. சுண்ணாம்புள்ள எதுவும் செம்பை உறிஞ்சிவிடும். பிளம்பிங் கடையில் வாங்கின பி.வி.சி. குழாய்த் துண்டுகள் நான்கு, ஒளிந்துகொள்ள. அவ்வளவு வறண்ட அறையில் அவ்வளவு நீலமான ஒரு மீன் குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது எனக்கு என்னவோ அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மகாராஜாவைப் போலத் தோன்றும்.

ஆனால் அந்தப் பவுடர் ப்ளூவுக்கு அவர் செம்பு போடவில்லை. டாங்குகளுக்குச் செம்பு பசியைக் கெடுக்கும். இது ஏற்கனவே வயிறு ஒட்டி வந்திருந்தது. உப்பைக் குறைப்பது என்று முடிவு பண்ணினார்.

ஜன்னலைத் திறந்தால் காயல் தெரியும். ஜூன், ஜூலையில் ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து வந்து மட்டாஞ்சேரி ஜெட்டியைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அது உப்பில் வாழாத செடி. ஏப்ரலில் வாயில் வைக்க முடியாத கரிப்பாக இருந்த அதே காயல், பருவமழைக்குப் பெரியாறும் மற்ற ஆறுகளும் வந்து கொட்டியதும் மேல்மட்டத்தில் கிட்டத்தட்ட நன்னீராகிவிட்டது என்பதற்கு அதுதான் விளம்பரப் பலகை. கடல்மீன் வளர்க்கிறவர்களுக்கு இது தலைவலி. சீன வலைகள் கண்ணெதிரே கடலை அள்ளிக்கொண்டிருக்கும்; தொட்டிக்கு ஊற்ற ஒரு வாளி கடல்நீர் கிடைக்காது. உப்புக் கலவை வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்கவேண்டியதுதான். வைத்தியனுக்கு மட்டும் அந்தக் காயல் ஒரு குறிப்பைக் காட்டுகிறது. ஆண்டுக்கொரு முறை அது தன் உப்பைக் கழுவிக்கொள்கிறது.

கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. மீனின் ரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் கடல் மீன் உடம்பிலிருந்து தண்ணீர் எந்நேரமும் வெளியே கசிந்துகொண்டிருக்கும். தாகத்தில் ஓயாமல் கடலைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே பிரித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். நோயில் தோல் கிழிந்தால் கசிவு கூடும். தொட்டியின் உப்பை 15-க்கு இறக்கிவிட்டால் அந்த வேலையில் பெரும்பகுதி குறைகிறது. வெள்ளைப்புள்ளியின் ஓடுகள் அந்தத் தண்ணீரில் தாங்காமல் கெட்டுப்போகின்றன. ஒரே செயலில் எதிராளிக்கு அடியும் நோயாளிக்கு ஓய்வும். மருந்தே இல்லாத இந்த வைத்தியம் கேட்பதற்கு எவ்வளவு அழகோ, செய்வதற்கு அவ்வளவு கறார். 18-ல் நின்றால் பலிக்காது. மூன்று வாரத்துக்குக் குறையக்கூடாது. இறக்குவதை ஓரிரு நாளில் செய்யலாம்; ஏற்றுவதை நாள் கணக்கில் நிதானமாகத்தான் செய்யவேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து ஜன்னல் பக்கம் திருப்பி, ஒற்றைக் கண்ணை இடுக்கி அந்த நீலக் கோட்டைப் பார்க்கிற இக்காவை யாராவது பார்த்தால் பிறை பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதே வாரம் இன்னொரு வாளியில் ஒரு ஓரா வந்தது. நம் கடற்கரையில் சாப்பிடுகிற ஓராவின் மஞ்சள் சொந்தக்காரன், நரிமுகம். கொண்டுவந்தவர் பதறிப்போயிருந்தார்: உடம்பெல்லாம் பழுப்புத் திட்டு, அழுகுகிறது என்று. இக்கா வாளியை மூடி, மூலையில் வைத்து, அவருக்கும் எனக்கும் சுலைமானி போட்டுக் கொடுத்தார். அரை மணி கழித்துத் திறந்தால் மீன் மஞ்சளாக இருந்தது. மிரண்டாலும் உறங்கினாலும் ஓரா அந்தத் திட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்ளும். வைத்தியச் செலவு ஒரு கிளாஸ் சுலைமானி. துடுப்பில் காலிஃபிளவர் மாதிரி வெள்ளைக் கட்டி வருகிற லிம்போசிஸ்டிஸுக்கும் அவர் செய்வது ஏறக்குறைய இதுதான். அது வைரஸ், மருந்து கிடையாது, நல்ல தண்ணீரும் நல்ல தீனியும் கொடுத்தால் பெரும்பாலும் தானாக உதிரும். சும்மா இருக்கச் சொன்னால் தொட்டிக்காரர்களுக்குக் கோபம் வரும். எதையாவது எழுதிக்கொடு என்று நிற்பார்கள். அவர்களுக்கென்றே பூண்டு வைத்தியம் ஒன்று உலகமெங்கும் உலவுகிறது: தீனியில் பூண்டுச் சாறு. பூண்டின் இடம் ரசம் என்பது என் தாழ்மையான கருத்து, இக்காவும் மறுக்கவில்லை.

கண்ணுக்கு விருந்து என்றால் நன்னீர்க் குளியல். உடம்பில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழு உயிரோடு இருக்கும்போது கண்ணாடி போலிருப்பதால் எத்தனை சாய்த்து டார்ச் அடித்தாலும் தெரியாது. மீனின் கண் லேசாக மங்கியிருப்பதும் அடிக்கடி தலையை உதறுவதும்தான் துப்பு. ஒரு கறுப்பு வாளியில் உப்பே இல்லாத தண்ணீர், வெப்பமும் பி.ஹெச்.சும் மட்டும் தொட்டியோடு ஒத்திருக்கவேண்டும். மீனை அதில் விட்டு 5 நிமிடம். இரண்டாம் நிமிடத்தில் மீனின் கண்மேல், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு வெள்ளை வட்டம் உதயமாகும். பிறகு விலாவில் ஒன்று, தாடையில் இரண்டு. நன்னீர் ஏறி ஊதி வெளுத்து, பிடி தளர்ந்து, அவல் மாதிரி கறுப்பு வாளியின் அடியில் உதிரும். ஒரு தடவை நான் 23 எண்ணினேன். இதோடு போகாது, முட்டைகள் தொட்டியில் இழையோடு ஒட்டிக்கிடக்கும், பிராசிகுவான்டெல் முட்டையைத் தொடாது, பொரிந்தபின் இரண்டாம் முறை போட்டே ஆகவேண்டும். ஆனாலும் இல்லாதது இருப்பதாக மாறுகிற அந்த இரண்டாம் நிமிடத்துக்காக நான் பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.

கொச்சியில் இந்த ஆர்வம் வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. 1947-ல் தொடங்கி மண்டபத்தில் வேரூன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல் தலைமையகத்தை இங்கே மாற்றிக்கொண்டது. அதன் மண்டபம், விழிஞ்ஞம் நிலையங்களில் கோமாளி மீனையும் டாம்சலையும் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டினார்கள். தொட்டியில் பிறந்த மீன் கடலின் ஒட்டுண்ணிகளைச் சுமந்து வருவதில்லை. வைத்தியர்களின் பிழைப்பில் மண் போடுகிற நல்ல காரியம். சென்னை மெரீனாவில் 1909-லேயே கடல்மீன் காட்சியகம் திறந்து ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் காயலிலேயே ஒரு வைத்தியன் இருக்கிறான். கரிமீனின் சின்னத் தாயாதி, உள்ளூரில் பள்ளத்தி என்பார்கள். ஆரஞ்சுப் பொட்டு வைத்த விரல் நீள மீன். பள்ளத்தி கரிமீனின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்கிறது என்பதை 1972-ல் வைமன், வார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வாழையிலையில் பொள்ளிச்ச கரிமீனைத் தின்னும்போது அது போன பௌர்ணமிக்கு வைத்தியனிடம் காட்டிக்கொண்டு வந்ததாகவே எனக்குப் படும்.

எல்லாம் பிழைப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வெல்வெட் முற்றின ஒரு பெரிய ஏஞ்சல் மீன் அடியில் பக்கவாட்டில் கிடந்தது. செவுள் எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இக்கா விளக்கை அணைக்கவில்லை, டார்ச் எடுக்கவில்லை. அலமாரியிலிருந்து அதே கிராம்பு எண்ணெய்க் குப்பியை எடுத்து, அதே சிறு பாட்டிலில், வெள்ளை வெளேரென்று ஆகும்வரை குலுக்கினார். இந்த முறை சொட்டு எண்ணவில்லை. அறை முழுக்கக் கிராம்பு வாசனை. அன்று அவர் பேசவில்லை. நானும் சுலைமானி கேட்கவில்லை.

பவுடர் ப்ளூ பிழைத்தது. 15-க்கு இறக்கின தண்ணீரில் இரண்டாம் நாளே கடல்பாசித் தாளைக் கொத்த ஆரம்பித்தது. மூன்றாம் வாரத்தில் முதுகில் சதை தெரிந்தது. ஆனால் உடையவரின் தொட்டிக்கு உடனே திரும்ப முடியாது. அங்கே மணலில் ஓடுகள் காத்திருக்கும். மீனே இல்லாமல் 76 நாள் காலியாகக் கிடந்தால்தான் கடைசி ஓடும் உடைந்து, உள்ளிருப்பவை மீன் தேடி அலைந்து பசியில் சாகும். அவருக்கு வேலை மாறி ஊர் போகவேண்டியிருந்ததால் அந்தத் தொட்டியும் இக்கா வீட்டு மாடிக்கே வந்துசேர்ந்திருந்தது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் போனேன். மழை. மாடியில் விளக்கு அணைந்திருந்தது. வழக்கம்போல் நோயாளி யாரோ என்று நினைத்து, செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். இக்கா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்தக் காலித் தொட்டி. உள்ளே பாறைமேல் ஒரு நத்தை; மணலில் துறவி நண்டு ஒன்று தன் வீட்டை இழுத்துக்கொண்டு போனது. வேறு அசைவில்லை. பத்து நிமிடம் நானும் பார்த்தேன். பிறகு பொறுக்கமுடியாமல், என்ன பார்க்கிறீங்க என்று கிசுகிசுத்தேன்.

“நாப்பத்தொண்ணு” என்றார்.